ஊருணித் தாமரை படுத்துவிட்டதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் ஊருணிகளையும், விடுதியாக மாறிப்போன பெரிய வீடுகளின் தாமரைத் தொட்டிகளையும் பார்த்துக்கொடுப்பது என் பிழைப்பு. எங்கே போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "இதுக்கு என்ன மருந்துண்ணே ஊத்தலாம்?" நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: "ஏற்கெனவே யார் என்ன ஊத்துனாங்க?" தண்ணீர்ச் செடி நோய் வந்து சாவதைவிட, மேலே எங்கேயோ யாரோ கொட்டியது வரத்துக்கால் வழியாக வந்து சேர்ந்து சாவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒரே கோளாறைத் திரும்பத் திரும்பத் தேடி அலுத்துப்போனதால் அறிகுறி வாரியாக எழுதிவைக்கிறேன். உங்கள் செடிக்குப் பொருந்துகிற தலைப்புக்கு நேராகப் போய்விடலாம், ஆனால் முதல் பகுதியை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

எதையும் ஊற்றுவதற்கு முன்

முதலில், இது கோளாறுதானா என்று பாருங்கள். சித்திரை, வைகாசியில் ஊருணி வற்றும்போது தாமரை இலை காய்வது வழக்கம்தான். கிழங்கு சேற்றுக்குள் உயிரோடு கிடக்கும், மழை வந்தால் முளைக்கும். வெளிவட்டத்து முதிர்ந்த இலை மட்டும் பழுத்து, நடுவில் புது இலை சுருளாகக் கிளம்பிக்கொண்டிருந்தால் அதுவும் வயசுதான். இலைக்காம்பில் கறுப்பாகப் பேன் அப்பியிருந்தால் பூச்சி, அதற்கு இந்தக் கட்டுரை உதவாது.

அது எதுவும் இல்லை என்றால் மூன்று கேள்வி. எங்கே சாகிறது? வரத்துக்கால் வாயைச் சுற்றி மட்டும் என்றால் வெளியிலிருந்து வருகிறது. படித்துறையைச் சுற்றி என்றால் சோப்பாக இருக்கலாம். காற்று ஒதுக்குகிற கரையில் மட்டும் என்றால் மிதக்கிற பொருள், அநேகமாக எண்ணெய். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி என்றால் கரைந்து கலந்து நாளாகிவிட்டது. எப்போது ஆரம்பித்தது? ஐப்பசி முதல் மழைக்கு மறுவாரம் என்றால் நான் ஆச்சரியப்பட மாட்டேன், ஆறு மாதமாகத் தெருவிலும் வாய்க்காலிலும் வயலிலும் தங்கிக் கிடந்ததெல்லாம் அந்த ஒரு வெள்ளத்தில்தான் இறங்கும். எது சாகிறது? கோரையும் சம்பும் திடமாக நிற்க, தாமரையும் அல்லியும் மட்டும் போனால் ஒரு கதை. தண்ணீருக்குள் இருக்கிற வேலம்பாசி மட்டும் காணாமல் போனால் வேறு கதை.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியது அதிகமில்லை. பிஹெச் தாள் (தண்ணீர் புளிப்பா காரமா என்று காட்டுவது), ஒரு டிடிஎஸ் மீட்டர், கயிறு கட்டிய வெள்ளைத் தட்டு, மூடி போட்ட கண்ணாடிப் பாட்டில் நான்கு, மம்பட்டி, ரப்பர் கையுறை. மீட்டர் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன்: அது உப்பை மட்டும்தான் பார்க்கும். களைக்கொல்லியோ எண்ணெயோ செம்போ செடியைக் கொல்கிற அளவு இருந்தாலும் மீட்டர் அழகாக நல்ல எண்ணைக் காட்டும். "மீட்டர்ல நூத்தம்பதுதாண்ணே காட்டுது, தண்ணி சுத்தம்" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

மீன் மிதக்கிறது, செடியும் ஒன்றிரண்டு நாளில் சரிந்துவிட்டது

இங்கே நீங்கள் எதையும் சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம். ஆடு மாட்டை இறங்கவிடாதீர்கள், பிள்ளைகளைக் குளிக்கவிடாதீர்கள், மடையை அடையுங்கள். கையுறை போட்டு, வரத்துக்கால் வாயில் ஒன்று, நடுவில் ஒன்று என்று கண்ணாடிப் பாட்டிலில் விளிம்பு வரை தண்ணீர் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, நேரத்தை எழுதி ஒட்டுங்கள். நாளைக்குப் பிடித்தால் ஆதாரம் போய்விடும். அப்புறம் பஞ்சாயத்துக்கும், மீன்வளத்துறைக்கும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் சொல்லுங்கள்.

ஒரு விலக்கு உண்டு. மீன் விடிகாலையில் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்து செத்திருக்கிறது, செடியெல்லாம் பச்சையாகத்தான் இருக்கிறது, முந்தைய இரண்டு மூன்று நாள் மூட்டம் என்றால் அது பெரும்பாலும் ராத்திரியில் மூச்சுக்காற்று தீர்ந்ததுதான், விஷம் இல்லை. பச்சைத் தண்ணீர் ஊருணியில் இது நடக்கும். கீழே "ரொம்ப நன்றாக வளர்கிறது" பகுதியைப் பாருங்கள்.

தாமரை இலையில் தண்ணீர் உருளவில்லை

இது நான் எங்கே போனாலும் முதலில் செய்து பார்க்கிற சோதனை, காசே இல்லை. ஒரு கை தண்ணீரை அள்ளி, நிமிர்ந்து நிற்கிற தாமரை இலையின் நடுவில் விடுங்கள். நல்ல இலையில் அது பாதரசம் மாதிரி திரண்டு நிற்கும். இலையை லேசாகச் சாய்த்தால் அடியில் ஈரத்தடம்கூட விடாமல் ஓடி விளிம்பில் விழும். கெட்டுப்போன இலையில் அதே தண்ணீர் பரவும், பச்சை கறுத்து ஈரத்துணி போட்ட மாதிரி ஒட்டும், சாய்த்தாலும் பாதி அங்கேயே நிற்கும். தாமரைக்கும் அல்லிக்கும் மூச்சுத்துளை இலையின் மேல்பக்கத்தில்தான் இருக்கிறது, அதனால் மேல்பக்கம் மூடிப்போனால் செடிக்கு அது சின்ன விஷயமில்லை. அல்லி இலையில் இந்தச் சோதனை இவ்வளவு தெளிவாகத் தெரியாது, தாமரையில்தான் பார்க்க வேண்டும்.

தூசியா? நல்ல தண்ணீரை ஊற்றி விரலால் லேசாகத் தடவிக் கழுவிவிட்டு மறுபடி சொட்டுங்கள். இப்போது உருண்டால் தூசிதான். பக்கத்தில் சாலை வேலையோ கல் அறுக்கிற வேலையோ நடக்கும், மழை பெய்தால் சரியாகிவிடும்.

முதிர்ந்த இலையா? புதிதாக விரிந்த இலையில் சொட்டிப் பாருங்கள். புது இலையில் உருண்டு பழையதில் ஒட்டினால் கவலை வேண்டாம்.

சோப்பா? பாதி பாட்டில் தண்ணீரை மூடி இருபது முறை குலுக்கிக் கீழே வையுங்கள். படித்துறைப் பக்கத் தண்ணீர் ஒன்று, எதிர்க்கரைத் தண்ணீர் ஒன்று என்று இரண்டு பாட்டில் வேண்டும், ஒன்றை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஏனென்றால் இலை அழுகிய தண்ணீரும் கொஞ்சம் நுரைக்கும். படித்துறைப் பாட்டிலில் நுரை ஐந்து நிமிஷம் கழித்தும் நின்று, எதிர்க்கரைப் பாட்டிலில் உடனே அடங்கினால் துவைக்கிற சோப்புத்தூள்தான். துவைக்கிற கல்லை ஊருணிக் கரையிலிருந்து தள்ளிப் போட்டு, கழிவுத்தண்ணீரை ஜல்லி போட்ட ஒரு குழி வழியாகக் கல்வாழைப் பாத்திக்கு விட்டால் போதும். இதைச் சொன்னால் கோபம் வரும். ஒரு ஊரில் ஒரு ஆச்சி, "எங்க மாமியா காலத்துலேருந்து இங்கதான் தொவைக்கிறோம், அப்பல்லாம் தாமர பூக்கலியா?" என்று கேட்டார். பூத்தது, ஆச்சி. அப்போது உவர்மண்ணும் சீயக்காயும், இப்போது வீட்டுக்கு வீடு டப்பா டப்பாவாகச் சோப்புத்தூள்.

எண்ணெயா? தண்ணீர் மேல் வானவில் நிறம் தெரிந்தவுடன் எண்ணெய் என்று முடிவு கட்டாதீர்கள். நம்ம பக்கம் செம்மண், செம்புறாங்கல்; இரும்பு கசிகிற இடத்தில் தானாகவே ஒரு மினுமினுப்பான ஆடை படியும். குச்சியால் குத்துங்கள். கண்ணாடிச் சில்லு மாதிரி துண்டு துண்டாக உடைந்து அப்படியே நின்றால் அது இரும்பு ஆடை, இயற்கை, விட்டுவிடலாம். குத்தின இடம் சுழன்று மறுபடி ஒன்று சேர்ந்தால் எண்ணெய். ஒரு துண்டு செய்தித்தாளை மேலே தொட்டெடுத்து வெயிலில் காயவையுங்கள், காய்ந்த பிறகும் வெளிச்சத்தில் கண்ணாடி மாதிரி திட்டு தெரிந்தால் சந்தேகமே இல்லை. பம்புசெட், டிராக்டர் கழுவுகிற இடம், வண்டி ஆயில் மாற்றுகிற பட்டறை என்று தேடிப்போங்கள். கொஞ்சம் என்றால் வைக்கோலை நீளமாகப் பிரியாகத் திரித்து, காற்று ஒதுக்குகிற கரையில் மிதக்கவிட்டு, ஊறியதும் எடுத்து மாற்றலாம். டீசல் நாற்றம் கரையிலேயே அடித்தால் நீங்கள் இறங்காதீர்கள், அது வாரியத்தைக் கூப்பிட வேண்டிய அளவு.

புது இலை வெளுக்கிறது, நரம்பு மட்டும் பச்சை

இது செடிக்கு இரும்பு கிடைக்காததன் அடையாளம். இரும்பு இல்லை என்பதைவிட, இருந்தும் எடுக்க முடியவில்லை என்பதுதான் வழக்கம்.

தொட்டியில் மணல் மட்டும் போட்டு நட்டிருந்தால் வேறெதையும் தேட வேண்டாம். கண்மாய் வண்டலோ களிமண்ணோ கலந்து மறுபடி நடுங்கள்.

மண் சரிதான் என்றால் பிஹெச்சை இரண்டு முறை பாருங்கள்: விடிந்ததும் ஒரு முறை, பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு முறை. இந்த இரண்டு அளவுதான் இங்கே எல்லாம். காலையில் ஏழரை, மத்தியானம் ஒன்பதரை என்றால் பச்சைப்பாசி செய்கிற வேலை, வெயிலில் ஏறும், ராத்திரியில் இறங்கும். இரண்டு நேரமும் ஒன்பதுக்கு மேலேயே நின்றால் சிமென்ட் அல்லது சுண்ணாம்பு. இரண்டு நேரமும் ஐந்துக்குக் கீழே என்றால் யாரோ தரை கழுவின ஆசிட்டைத் திறந்துவிட்டிருக்கிறார்கள்.

சிமென்ட் என்பது நம்ம பகுதிக்கே உரிய தொல்லை. பழைய வீடுகளைப் புதுப்பிக்கிற வேலை எப்போதும் எங்கேயாவது நடக்கிறது. முற்றத்து மழைத்தண்ணீர் ஊருணிக்குப் போக வேண்டும் என்று அந்தக் காலத்தில் யோசித்துக் கட்டிய வாய்க்கால்தான் இன்றைக்கு மேஸ்திரி சாந்துச்சட்டி கழுவுவதையும் அப்படியே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஒரு வீட்டில் ஆத்தங்குடிக் கல் பதித்து முடித்த மறுவாரம் முற்றத்துத் தொட்டியில் இருந்த நாலு தாமரையும் மஞ்சளாகிப் போனது. தொட்டியில் யாரும் எதையும் கொட்டவில்லை என்று எல்லோரும் சத்தியம் செய்தார்கள், அது உண்மையும்கூட. தொட்டியின் வழிந்தோடும் குழாயும் முற்றத்து வடிகாலும் ஒரே குழியில் சேர்ந்திருந்தன, குழி அடைத்துக்கொண்டு பின்னால் ஏறியிருக்கிறது. குழிக்குள் கையை விட்டால் சிமென்ட் பால் உறைந்து கல்லாக இருந்தது.

தொட்டி என்றால் பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு மழைத்தண்ணீர் விடுங்கள், இரண்டு நாள் கழித்து மறுபடி பாதி. ஊருணி என்றால் வருவதை நிறுத்திவிட்டு அடுத்த மழைக்குக் காத்திருப்பதுதான். பிஹெச் ஏறியிருக்கிறது என்று ஆசிட் ஊற்றாதீர்கள், இறங்கியிருக்கிறது என்று சுண்ணாம்பு கொட்டாதீர்கள். ஒரு தப்பை இன்னொரு தப்பால் நேர் செய்யப்போய் முழுத் தொட்டியையும் இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

இலை விளிம்பு கருகுகிறது

நுனியிலும் ஓரத்திலும் பழுப்பாகக் காய்ந்து, நடு இலை பச்சையாகவே இருந்தால் உப்பு. இங்கேதான் மீட்டருக்கு வேலை.

கடைசியாக உரம் போட்டது எப்போது? பூக்கவேண்டும் என்று உரக்குருணையைக் கைநிறையத் தூவியிருந்தால் தேடல் முடிந்தது, தண்ணீரை மாற்றுங்கள். இல்லையென்றால் தொட்டித் தண்ணீரையும், நீங்கள் நிரப்புகிற தண்ணீரையும் தனித்தனியாக அளங்கள். நிரப்புவது 400, தொட்டியில் 1,400 என்றால் ஆவியாகிப் போனது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே தங்கிவிட்டது. நீங்கள் தினம் மேலே மேலே ஊற்றியது உப்பைச் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறது. மாதத்துக்கு ஒரு முறை பாதியை வடித்துவிட்டு நிரப்பினால் போதும். நிரப்புவதே ஆயிரத்துக்கு மேல் காட்டினால் அது போர்த் தண்ணீராகவோ, ஆர்ஓ குடிநீர் மெஷின் வெளியே தள்ளுகிற கழிவாகவோ இருக்கும். "வீணாத்தானே போகுது, செடிக்கு விடுவோம்" என்று ஆர்ஓ கழிவுக்குழாயைத் தாமரைத் தொட்டியில் விட்ட விடுதிகள் இருக்கின்றன. நெல்லே மண் உப்பு 3 டெசிசீமன்ஸைத் (மின்சாரம் கடத்துவதை வைத்து உப்பை அளக்கிற அலகு) தாண்டினால் விளைச்சல் குறைய ஆரம்பிக்கும், மீட்டரில் அது ஏறக்குறைய 1,500 முதல் 1,900 வரை காட்டும். அந்தக் கழிவைத் தென்னைக்கு விடுங்கள், தாங்கும்.

கருகல் இல்லாமல் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்து, ஒரே நாளில் வந்தது என்றால் குளோரின். நீச்சல் குளத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டிருப்பார்கள், அல்லது திருவிழாவுக்கு முன்னால் ஊருணியைச் சுற்றி பிளீச்சிங் பவுடர் தூவியிருப்பார்கள். வெயிலில் ஓரிரு நாளில் போய்விடும், புது இலை நல்லதாக வரும். எதுவும் செய்யாதீர்கள்.

தண்டு முறுக்கிக்கொள்கிறது, இலை கிண்ணமாகச் சுருள்கிறது

களைக்கொல்லி. இதில் எனக்குத் தயக்கம் குறைவு, ஏனென்றால் இப்படி முறுக்கிக்கொள்ள வைக்கிற வேறு காரணம் ரொம்பக் குறைவு.

காம்பு பாம்பு மாதிரி வளைந்து, இலை ஓரம் உள்பக்கமாகச் சுருண்டு, புல் மட்டும் ஏறக்குறைய நன்றாக இருக்கிறது என்றால் 2,4-டி வகை. அது அகன்ற இலைக்கு எமன், புல் வகைக்கு அவ்வளவாக இல்லை. முறுக்கு இல்லாமல் புல், கோரை, தாமரை என்று எல்லாமே புது இலையிலிருந்து வெளுத்து இரண்டு வாரத்துக்குள் காய்ந்தால் கிளைபோசேட் மாதிரி எல்லாவற்றையும் கொல்கிற வகை. நின்ற செடிக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் இந்த வருஷம் கரையோரம் புதிதாக எதுவுமே முளைக்கவில்லை என்றால் பியூட்டாகுளோர், பிரெட்டிலாகுளோர் போல விதைத்தவுடன் போடுகிற முளைப்புத்தடை மருந்தைச் சந்தேகப்படுங்கள். இந்த மூன்றாவதைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதே இல்லை, மூன்று வருஷம் கழித்து "கோரை ஏன் கொறஞ்சுபோச்சு" என்று கேட்பார்கள்.

எங்கிருந்து வந்தது என்பதற்குச் செலவில்லாத இடத்திலிருந்து தேடுங்கள். முதலில் கரை: ஊருணிக் கரையில் முள்ளும் புதரும் அழிக்க ஒப்பந்தக்காரர் மருந்து அடித்தாரா? கரையில் புல் காய்ந்த கோடு நேராக இருந்தால் தெளிப்பான் போன தடம் அது, புல் தானாக நேர்கோட்டில் காயாது. அடுத்து கழுவல்: தெளிப்பானையும் மருந்து டப்பாவையும் படித்துறையில் அலசினார்களா? படிக்கட்டு இடுக்கில் மூடியும் உறையும் கிடக்கும். அதுவும் இல்லையென்றால் மேல் கண்மாய். நம்ம கண்மாய்கள் ஒன்றன் கீழ் ஒன்றாகச் சங்கிலி. மேல் கண்மாய்ப் பாசன வயலின் வடிகால்தான் கீழ்க் கண்மாயின் வரத்து. புழுதியில் விதைத்து மருந்து அடித்த மறுநாள் பெரிய மழை பிடித்துக்கொண்டால் அந்த மருந்து யாருடைய களையையும் கொல்லாமல் உங்கள் தாமரைக்கு வந்து சேரும். அடித்தவருக்கும் நஷ்டம்தான், அதனால் சண்டைக்குப் போகாமல் பேசினால் என்ன மருந்து, எந்தத் தேதி என்று சொல்லிவிடுவார்கள்.

இறங்கி ஒரு கிழங்கைத் தோண்டி வெட்டிப் பாருங்கள். உள்ளே வெண்மையாக, கெட்டியாக, நூல் இழுத்தால் பிழைக்கும். கருகிய இலையை மட்டும் கழித்துவிட்டு மூன்று வாரம் பொறுங்கள். பழுப்பாகக் கொழகொழவென்று நாற்றம் அடித்தால் அந்தக் கிழங்கு முடிந்தது, அழுகல் முடிகிற எல்லை வரை வெட்டி எடுத்துவிடுங்கள். முதலில் வரும் ஒன்றிரண்டு இலை கோணலாகத்தான் வரும், அதைப் பார்த்து மனசு விடாதீர்கள், நான்காவது இலை எப்படி வருகிறது என்பதுதான் கணக்கு.

பூச்சிமருந்து எச்சத்தை ஆய்வகத்தில் பார்ப்பது மலிவில்லை, "என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க" என்று கொடுத்தால் பார்க்கவும் முடியாது. மருந்தின் பெயர் தெரிந்தால்தான் அந்தச் செலவுக்கு அர்த்தம். பெயர் தெரிந்து, இழப்பீடோ புகாரோ என்று போகிற நிலை வந்தால் மட்டும் செய்யுங்கள். பெயர் தெரியாமல் செடி மட்டும் இப்படி இருக்கிறது என்றால் இலையோடு ஒரு செடியைப் பிடுங்கிக்கொண்டு குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ உங்கள் வட்டார வேளாண் அலுவலரிடமோ போங்கள். செல்போன் படத்தை வைத்துச் சொல்லச் சொல்லாதீர்கள், வேரைப் பார்க்காமல் யாரும் உருப்படியாகச் சொல்ல முடியாது.

நன்றாக வளர்கிறது, ரொம்ப நன்றாக வளர்கிறது

இதை யாரும் கோளாறு என்று சொல்லிக் கூப்பிடுவதில்லை. தாமரை குடை குடையாக இலை விடும், பூ வராது. வெங்காயத்தாமரை இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். தண்ணீர் பச்சைப் பாயசம் மாதிரி ஆகும். அப்புறம் ஒரு நாள் வேலம்பாசியும் கொட்டிக்கிழங்கும் காணோம், மீன் செத்து மிதக்கிறது. சத்து அதிகமானதன் விளைவு இது; தழைச்சத்தும் மணிச்சத்தும் வந்துகொண்டே இருக்கிறது, மேலே மூடிக்கொண்டது கீழே வெளிச்சம் விடவில்லை.

கயிறு கட்டிய வெள்ளைத் தட்டை இறக்குங்கள். முழங்கை ஆழத்துக்குள் தட்டு மறைந்தால் தண்ணீருக்கடியில் செடி நிற்காது. அடுத்து, வரத்துக்காலில் வெயில் காலத்திலும் தண்ணீர் ஓடுகிறதா? மழையே இல்லாத பங்குனியில் ஓடுகிற தண்ணீர் அநேகமாக வீட்டுக் கழிவுதான். கரையில் மாட்டுக்கொட்டகை, கோழிப்பண்ணை, அன்னதானக் கூடத்துக் கழுநீர் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

பச்சையாக இருப்பதெல்லாம் சாக்கடையும் இல்லை. திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய்களில் பறவைகள் கூடு கட்டுகிற காலத்தில் எச்சம் விழுந்தே தண்ணீர் பச்சையாகும். அந்தப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடிகூட வெடிக்காத ஊர் அது. மரத்தில் கொக்கும் நாரையும் இருந்தால் கீழே பச்சைத் தண்ணீரைப் பார்த்துப் பதற வேண்டாம்.

மற்ற இடத்தில் செய்ய வேண்டியது: வெங்காயத்தாமரையை வேரோடு வாரிக் கரைக்கு வெளியே போடுங்கள், வாரினால் சத்தும் அதோடு போகும். வருவதை மறிக்காமல் வாரிக்கொண்டே இருந்தால் ஆயுசுக்கும் வாரலாம். பச்சைப்பாசிக்கு மயில்துத்தம் (செம்பு சல்பேட்) போடச் சொல்கிறவர்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. மழைத்தண்ணீர் ஊருணியில் சுண்ணாம்புச்சத்து குறைவு, அதில் செம்பின் விஷம் இன்னும் கடுமையாக ஏறும். பாசி சாகும், மீனும் சாகும், செத்த பாசி அழுகி மிச்ச மூச்சுக்காற்றையும் தின்னும், செம்பு மட்டும் சேற்றில் வருஷக்கணக்கில் கிடக்கும். பாதாளச் சாக்கடையோ விடுதிக் கழிவுத்தொட்டியோ நேராக இணைத்திருப்பது தெரிந்தால் அது உங்கள் கைவேலை இல்லை, உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுங்கள்.

பிடுங்கினால் வேர் கறுப்பு, முட்டை அழுகின நாற்றம்

நல்ல சதுப்புச் செடியின் வேர் வெள்ளையாகவோ துருப்பிடித்த செம்பழுப்பாகவோ இருக்கும். துருநிறம் நல்ல சேதி, வேர் தன்னைச் சுற்றிக் காற்றைக் கசியவிடுகிறது என்று அர்த்தம். மைபோலக் கறுத்து, விரலில் வழுக்கி, நாறினால் சேற்றில் கந்தக வாயு.

பெரும்பாலும் இலைக்குப்பையும் சாக்கடையும்தான் காரணம். மரக்கிளை கழித்து உள்ளேயே தள்ளியிருக்கிறார்களா பாருங்கள். இன்னொன்று, விநாயகர் சதுர்த்திக்குப் பிறகு ஆரம்பித்ததா என்று கேளுங்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்பது கால்சியம் சல்பேட்; காற்றில்லாத சேற்றில் அந்தச் சல்பேட்தான் இந்த நாற்றமாகத் திரும்பி வரும். பொம்மைத் துண்டு கரையாமல் அடியில் கிடக்கும், காலில் படும். களிமண் பிள்ளையாராக இருந்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை, பூசின சாயம் வேறு கணக்கு.

கோடையில் வற்றும்போது மேல் சேற்றை ஒரு சாண் எடுத்துக் காயவிட்டால் அநேகமாகத் தேறிவிடும். முழுத் தூர் வாருவது செலவு, பொக்லைன் வேண்டும், ஊர்க்கூட்டம் போட வேண்டும், அதனால் அதைக் கடைசியில் வையுங்கள்.

வேர் குட்டையாக, நுனி கறுத்து முடிச்சாக இருக்கிறது

ஊருணியில் இதை நான் அதிகம் பார்த்ததில்லை. விடுதிகளில் நிறையப் பார்க்கிறேன், காரணம் பித்தளை அண்டா. படம் எடுக்க அழகாக இருக்கிறது என்று பழைய அண்டாவையும் செம்புக் கொப்பரையையும் வாசலில் வைத்துத் தாமரை நடுகிறார்கள், வாரம் ஒரு முறை புளி போட்டுப் பளபளவென்று தேய்க்கிறார்கள். தேய்த்தால் செம்பும் துத்தநாகமும் புதிதாகத் தண்ணீரில் இறங்கும். மழைத்தண்ணீர் என்றால் இன்னும் சீக்கிரம். செடியைப் பிடுங்கிப் பாருங்கள், வேர் சுண்டுவிரல் நீளம்கூட வராமல் தடித்து நிற்கும். அண்டாவுக்குள் ஒரு பிளாஸ்டிக் தொட்டியை இறக்கி அதில் நடுங்கள், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

அண்டா இல்லாமல் ஊருணியிலேயே இப்படி இருந்து, அருகில் மின்முலாம் பூசுகிற பட்டறையோ பேட்டரி உடைக்கிற இடமோ இருந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். உலோகச் சோதனைக்கு ஆய்வகம்தான் வழி, தண்ணீரோடு சேற்றையும் கொடுங்கள், உலோகம் அதிகம் தங்குவது சேற்றில்தான்.

எந்தத் தலைப்பிலும் பொருந்தவில்லை என்றால்

பாட்டில் சோதனை செய்யுங்கள். தண்ணீர் மேல் பச்சைத் தூள் தூவின மாதிரி மிதக்குமே ஒரு குட்டி இலைப் பாசி, லெம்னா, அதை நல்ல தண்ணீர் உள்ள இடத்திலிருந்து எடுத்துவாருங்கள். ஒரு பாட்டிலில் சந்தேகத் தண்ணீர், ஒன்றில் வரத்துக்கால் தண்ணீர், ஒன்றில் நல்ல குளத்துத் தண்ணீர். ஒவ்வொன்றிலும் சரியாகப் பத்து இலை, ஒரே ஜன்னலோரம், நேர் வெயில் படாமல் ஏழு நாள். பிறகு எண்ணுங்கள். நல்ல தண்ணீரில் பெருகி, மற்றதில் பத்தாகவே நின்றாலோ வெளுத்தாலோ தண்ணீரில்தான் கோளாறு. மூன்றிலும் ஒரே மாதிரி பெருகினால் தண்ணீரை விட்டுவிட்டுச் சேற்றைப் பாருங்கள். இது நான் கண்டுபிடித்த வித்தை இல்லை, உலகம் முழுக்க ஆய்வகங்களில் இதே பாசியை வைத்து இதே ஏழு நாள் சோதனை செய்கிறார்கள், அவர்கள் இன்னும் சுத்தமாகச் செய்வார்கள் அவ்வளவுதான்.

ஆய்வகத்துக்குப் போக முடிவு செய்தால், சாதாரண உப்பு, பிஹெச், நைட்ரேட் மாதிரி விஷயங்களுக்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகம் போதும், இரண்டு லிட்டர் கொண்டுபோங்கள். எண்ணெய்க்கும் பூச்சிமருந்துக்கும் கண்ணாடிப் பாட்டில், உலோகத்துக்குப் பிளாஸ்டிக். ஐஸில் வைத்து அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். குளிர்பானப் பாட்டிலை அலசாமல் பிடித்துக்கொண்டு போய் "சர்க்கரை இருக்கு" என்று முடிவு வாங்கி வந்தவர் ஒருவர் உண்டு, பெயர் வேண்டாம்.

காரணம் தெரிகிற வரை அந்த ஊருணியின் வல்லாரை, பொன்னாங்கண்ணி, தாமரைக்கிழங்கு எதையும் சமையலுக்குப் பறிக்காதீர்கள். இந்தச் செடிகளில் பல தண்ணீரிலும் சேற்றிலும் உள்ள உலோகத்தை உறிஞ்சித் தனக்குள் வைத்துக்கொள்ளும், பார்க்க நன்றாகவே இருக்கும். பிடுங்கிப் போட்டதை மாட்டுக்கும் போடாதீர்கள். உலோகச் சந்தேகம் இல்லையென்றால் வாரிய வெங்காயத்தாமரையை மக்கவைத்து வயலுக்குப் போடலாம், சந்தேகம் இருந்தால் அதுவும் வேண்டாம். எப்படியானாலும் கரையின் உள்சரிவில் குவித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள், அடுத்த மழையில் அத்தனையும் திரும்ப ஊருணிக்குள்தான் இறங்கும், மறுபடி எனக்குத்தான் போன் வரும்.